சுண்ணாம்புக் காலோடு உள்ளே வராதே

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் எனக்கு வழிகாட்டியாக இருந்த மீன்வள விஞ்ஞானி போன மாதம் காலமானார். அவரிடம் வேலை பார்த்தவர்கள் நம்மில் வேறு யாராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

தூத்துக்குடியில் மீன்வளம் படித்துவிட்டுப் போன எனக்குப் பழக்கமெல்லாம் இறால் பண்ணைதான். அங்கேயோ 1930களில் பக்கத்து மாநிலமான அலபாமாவின் ஆபர்னில் ஸ்விங்கிள் என்ற மீன்வள ஆய்வாளர் போட்டுக்கொடுத்த கணக்குப்படி, பாஸ் என்ற பெரிய மீனையும் அதற்கு இரையாகும் புளூகில் என்ற சின்ன மீனையும் சேர்த்து வளர்க்கும் நன்னீர்க் குளங்கள். அந்தப் பக்கத்துச் செம்மண் புளிப்பு மண். தண்ணீரின் காரத்தன்மை லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் எத்தனை உரம் கொட்டினாலும் குளம் பச்சை கட்டாது. பாசி இல்லையென்றால் புழு பூச்சி ஏது, புளூகில் எதைத் தின்னும், பாஸ் எதைத் தின்னும்? ஆகவே சுண்ணாம்புக்கல் தூளைப் படகில் ஏற்றி, ஏக்கருக்கு இரண்டு டன் என்று வாரி இறைப்போம். கரையேறும்போது ஆளே வெள்ளையாக இருப்போம்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனால் கொல்லைப்புறப் படியில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். "சுண்ணாம்புக் காலோடு உள்ளே வராதே" என்பார். வீட்டுக்குள் எப்படியும் வரலாம். பைன் மரத்தடிக்குத்தான் வரக்கூடாது. அங்கே அவருடைய அசேலியா பூச்செடிகள்.

கடையில் விற்கும் ஜப்பான் வகைகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். இவை அந்த மண்ணின் காட்டுச்செடிகள், குளிரில் இலை உதிர்ப்பவை. ஊர்ப் பெரியவர்கள் 'காட்டு ஹனிசக்கிள்' என்பார்கள். ஒவ்வோர் இனமும் ஒரு நிறம்: மார்ச் கடைசியில் கானெசென்ஸ் இளஞ்சிவப்பு, ஆஸ்ட்ரினம் மஞ்சள். அலபாமென்சி வெள்ளை, மேல் இதழில் மஞ்சள் திட்டு, எலுமிச்சை வாசம். எல்லாம் ஓய்ந்தபின் ஜூலை வெயிலில் ப்ரூனிஃபோலியம் செக்கச்செவேலென்று பூக்கும். ஜார்ஜியா, அலபாமா எல்லையில் சாட்டஹூச்சி ஆற்றுப்பக்க ஓடைச்சரிவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது தானாக வளர்வதில்லை. நம் நீலகிரி உச்சியில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரானும் இதே பேரினம்தான் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெட்கம்தான்.

ஒருநாள் மீந்த சுண்ணாம்பு மூட்டையை மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டேன். இரவு நல்ல மழை. சில வாரங்களில் பக்கத்துச் செடியின் இலையில் நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். அவர் திட்டவில்லை. குளத்தின் புளிப்பை அளக்க வைத்திருந்த பிஎச் தாளைக் கையில் கொடுத்து, "போய் அளந்து வா" என்றார். அளந்தேன். ஏழு. அசேலியாவுக்குப் புளிப்பு மண்தான் வேண்டும், ஐந்து, ஐந்தரை போதும். அன்றைக்கு முழுக்க மண்ணை வாரிக்கொட்டிப் பைன் பட்டைத் தூள் நிரப்பினேன். செடி பிழைக்கவில்லை.

*

அண்ணா, நீங்கள் வந்த பிறகு நான்கு வருடம் கழித்து அங்கே சேர்ந்தவள் நான். வாளி அப்போதும் இருந்தது. மூட்டைக் கதையையும் கேட்டிருக்கிறேன், உங்கள் பெயரைத்தான் சொல்லவில்லை.

எனக்கு நினைவில் நிற்பது அவருடைய விதைகள். வயது கணிக்க மீன் செதிலைப் போட்டு வைப்போமே, அந்தச் சின்னக் காகித உறைகளில்தான் அசேலியா விதையும் இருக்கும். தூள் மாதிரி விதை. மண்ணைப் போட்டு மூடக்கூடாது, ஈரப்பாசிமேல் தூவி வெளிச்சத்தில் வைக்க வேண்டும். பூக்க மூன்று நான்கு வருடம் ஆகும். நான் கிளம்பும்போது ஓர் உறை கொடுத்தார். அதில் அச்சடித்த கட்டங்களை ஒன்றுவிடாமல் நிரப்பியிருந்தார். இனம்: ப்ரூனிஃபோலியம். இடம்: கொல்லை. நீளம்: ஒன்பது அடி. எடை என்ற கட்டத்தில் மட்டும், "தும்மாதே".