ரெண்டு கோரல் பியூட்டியும் போச்சு, கடல்நீர்த் தொட்டியில தாக்குப்பிடிக்கிற குட்டி ஏஞ்சல் மீன் எது?

புதுக்கடல்:
அவசரம் நண்பர்களே. ஒரே மாசத்துல ரெண்டு கோரல் பியூட்டி செத்துடுச்சு. முதல் மீன் ரெண்டு நாள், அடுத்தது ஒன்றரை நாள். கல்லுக்குப் பின்னாடி ஒண்டிக்கிட்டு, துடுப்பை மடக்கிக்கிட்டு வேகவேகமா மூச்சு வாங்குச்சு. போட்ட தீனியைத் தொடவே இல்லை. தண்ணி எல்லாம் கரெக்டாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை கடைக்குப் போறேன். அடுத்த குட்டி ஏஞ்சல் எது வாங்கலாம், ஃப்ளேமா, லெமன் பீலா, பைகலரா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.

அலைவரிசை:
டேங்க் எத்தனை லிட்டர்? ஓட ஆரம்பிச்சு எத்தனை மாசம்? வேற என்ன மீன் இருக்கு? உப்பு எவ்வளவு, எதால அளந்தீங்க? "கரெக்ட்"னு சொன்னா போதாது ப்ரோ, நம்பர் வேணும்.

பவளக்காரன்:
ரெண்டு நாள்ல போகுதுன்னா சயனைடு தெளிச்சு மயக்கிப் பிடிச்ச மீன்தான். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா சரக்குல இது இன்னும் இருக்கு. பார்க்க நல்லா பளபளன்னு இருக்கும், உள்ள எல்லாம் போயிருக்கும். கடையை மாத்துங்க.

மூத்தமீன்:
இதே கேள்வி மாதம் நான்கு முறை வருகிறது. தேடிப் படிக்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. சென்ட்ரோபைஜி என்ற குட்டி ஏஞ்சல் பேரினத்தில் தாங்கும் மீன்கள் என்றால் முதல் வரிசையில் வருவதே கோரல் பியூட்டிதான். அதையே காப்பாற்ற முடியாதவர் பைகலர் கேட்கிறார்! பைகலர் 15 செ.மீ. வரை வளரும், அதைச் சாப்பிட வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். லெமன் பீலும் தொடக்கக்காரருக்கு இல்லை. ஃப்ளேம் பரவாயில்லை, ஆனால் விலை அதிகம். மீனை மாற்றுவதற்கு முன் டேங்க்கைப் பாருங்கள்.

கொழும்பு_கரை:
பவளக்காரன், எங்கட பக்கம் வலையாலதான் பிடிக்கிறவை, எல்லாரையும் ஒண்டாச் சேர்க்காதையுங்கோ. இலங்கைப் பக்கம் ஐப்லி ஏஞ்சல் கிடைக்கும், நல்ல உறுதியான மீன். ஆனா அதுவும் 15 செ.மீ. வரும், பெரிய தொட்டி வேணும். வாங்கேக்க கவனமாப் பாருங்கோ. ஒரு சர்ஜன் மீன்ர குஞ்சு அச்சு அசல் ஐப்லி மாதிரியே இருக்கும். கன்னத்தில முள் இருந்தா ஏஞ்சல், வாலடியில கத்தி மாதிரி முள் இருந்தா சர்ஜன். நான் ஒருக்கா ஏமாந்து வாங்கி, ஆறு மாசத்துக்குப் பிறகுதான் கண்டுபிடிச்சனான்.

ஆழிமகள்:
வேகமா மூச்சுன்னா ஒட்டுண்ணியால வர்ற வெல்வெட் நோய். தோல்ல மஞ்சள் தூள் தூவின மாதிரி இருந்துச்சா? குவாரன்டைன் பண்ணாம, அதாவது தனி டேங்க்ல வெச்சுப் பார்க்காம இறக்கினா இப்படித்தான் ஆகும்.

புதுக்கடல்:
தூள் எதுவும் இல்லைங்க. 230 லிட்டர், 7 மாசம் ஆச்சு. க்ளவுன் ரெண்டு, மஞ்சள் வால் டாம்சல் ஒண்ணு, எல்லாம் நல்லா இருக்கு. உப்பை அடர்த்தியா காட்டுற ஹைட்ரோமீட்டர்ல 1.025. கடையில ரெண்டு மீனும் நோரி (கடல்பாசித் தாள்) சாப்பிட்டதைக் கண்ணால பார்த்துத்தான் வாங்கினேன். பையை 20 நிமிஷம் மிதக்கவிட்டு, அரை மணி நேரம் டேங்க் தண்ணியைச் சொட்டுச் சொட்டா விட்டேன். தண்ணியைக் குளிர்விக்கிற சில்லர் கிடையாது, வெயில் ஏறினதுலேர்ந்து ரெண்டு ஃபேன் ஓடுது.

அலைவரிசை:
வெல்வெட்டா இருந்தா இந்நேரம் க்ளவுனும் படுத்திருக்கும். கடையில நல்லா சாப்பிட்ட மீன் ரெண்டும் ஒரே மாதிரி போறதுக்கு சயனைடும் பொருந்தலை. ஃபேன் ஓடினா தண்ணி ஆவியாகுமே, எவ்வளவு ஊத்துறீங்க? என்ன தண்ணி?

புதுக்கடல்:
தினமும் 2 லிட்டர். ஒரு நாள் ஆர்.ஓ. தண்ணி, ஒரு நாள் உப்பு கலந்த தண்ணி. உப்பு குறைஞ்சிடக் கூடாதில்ல? ஒரு நாப்பது நாளா இப்படித்தான்.

அலைவரிசை:
அங்கதான் இருக்கு விஷயம். ஆவியாகிறது தண்ணி மட்டும், உப்பு டேங்க்லயே நிக்கும். 2 லிட்டர் உப்புத் தண்ணியில சுமார் 70 கிராம் உப்பு. இருபது தடவை ஊத்தியிருக்கீங்க, 1,400 கிராம். 230 லிட்டருக்கு லிட்டருக்கு 6 கிராம் கூடிப் போச்சு. லிட்டருக்கு 35 கிராம்ல ஆரம்பிச்சிருந்தா இப்ப 41 பக்கம் இருக்கும், ஹைட்ரோமீட்டர் கணக்குல 1.031. பல கடைகள்ல ஒட்டுண்ணியை அடக்க 1.020 பக்கம்தான் வெச்சிருப்பாங்க. அந்தத் தண்ணியில இருந்த மீனை அரை மணி நேரத்துல இங்க கொண்டு வந்தா எப்படித் தாங்கும்? க்ளவுனுக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஏறுச்சு, அதான் பழகிடுச்சு. ஹைட்ரோமீட்டரை நம்பாதீங்க, ஒளி விலகலை வெச்சு உப்பு அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டர்ல பாருங்க.

மூத்தமீன்:
ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்.ஓ. நீரில் பூஜ்யத்துக்குச் சரிசெய்துகொண்டு பார்க்கவும்.

ஆழிமகள்:
பூஜ்யத்துல சரியா இருந்தா 35-லயும் சரியா இருக்கும்னு யார் சொன்னது? 35 பி.பி.டி. (ஆயிரத்துல 35 பங்கு உப்பு) திரவத்துலதான் சரிபார்க்கணும். நிறைய மலிவு மீட்டர் சாதா உப்புக்கு அளவு போட்டது, கடல் தண்ணிக்கு இல்லை.

மூத்தமீன்:
நான் பதினைந்து வருடமாக ஆர்.ஓ. நீரில்தான் சரிசெய்கிறேன்.

ஆழிமகள்:
பதினஞ்சு வருஷமும் ஒண்ணரை பி.பி.டி. தப்பாவே அளந்திருக்கலாம் சார். வீட்டு ஆர்.ஓ. மெஷின்ல தாது உப்பைத் திரும்பக் கலக்கிற டி.டி.எஸ். கன்ட்ரோலர் இருந்தா அந்தத் தண்ணியே சுத்தம் கிடையாது.

பவளக்காரன்:
நான் இன்னும் சயனைடுன்னுதான் சொல்வேன்.

புதுக்கடல்:
தெரிஞ்சவர்கிட்ட ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிப் பார்த்தேன். 41. அப்படியே உக்காந்துட்டேன். ஹைட்ரோமீட்டர் முள்ளோட அச்சுல வெள்ளையா உப்பு கட்டியிருக்கு. வெந்நீர்ல ஊற வெச்சுத் தட்டினதும் முள்ளு துள்ளி மேல போச்சு. அந்த ரெண்டு மீனையும் நான்தான் கொன்னிருக்கேன். எப்படிக் குறைக்கறது?

அலைவரிசை:
டேங்க் தண்ணியைக் கொஞ்சம் எடுத்துட்டு ஆர்.ஓ. தண்ணி ஊத்துங்க. ஒரு நாளைக்கு ஒரு பாயிண்ட், அதுக்கு மேல வேண்டாம். இனிமே ஆவியாகிறதுக்கு வெறும் ஆர்.ஓ. மட்டும். 35-க்கு வந்ததும் அதே கோரல் பியூட்டியை வாங்குங்க, 230 லிட்டருக்குப் போதும். ஒண்ணே ஒண்ணு, ரெண்டு வேண்டாம், அடிச்சுக்கும். கடைப் பைத் தண்ணியை முதல்ல அளங்க. தனி டேங்க்ல அதே உப்புல வெச்சு, சில நாள்ல மெதுவா ஏத்துங்க. அப்படியே குவாரன்டைனும் முடிஞ்சிடும். மெயின் டேங்க்ல ஓட்டை போட்ட டப்பாவுல மூணு நாள் வெச்சுட்டு விடுங்க, இல்லைன்னா டாம்சல் துரத்தும். வலையால பிடிக்காதீங்க, கன்ன முள்ளு மாட்டிக்கும்.

கொழும்பு_கரை:
கன்ன முள்ளு விசயம் உண்மை. டம்ளராலதான் பிடிக்கவேணும்.

ஆழிமகள்:
35 திரவத்துல சரிபார்த்த மீட்டர்தானா அது?

புதுக்கடல்:
அது தெரியலைங்க, கேட்டுச் சொல்றேன். இப்ப 36. ஞாயித்துக்கிழமை கடைக்குப் போகலை. பழைய 40 லிட்டர் டேங்க்கைக் கழுவி வெச்சிருக்கேன்.