மூன்று நிறுவனத் தளங்களுக்கு வேர்ட்பிரஸ் மல்டிசைட் சரிவருமா?

வணக்கம் நண்பர்களே. கோவையில் பம்பு, மோட்டார், வார்ப்படம் என்று ஒரே குடும்பத்தின் மூன்று நிறுவனங்களுக்கு இணையதளம் பார்த்துக்கொள்கிறேன். மூன்றும் தனித்தனி வேர்ட்பிரஸ். ஒரு பிளக்இன் அப்டேட் வந்தால் மூன்று இடத்திலும் பேக்கப் எடுத்து, சோதித்துப் பார்ப்பதற்குள் பாதி நாள் போய்விடுகிறது.

ஒரே வேர்ட்பிரஸ் நிறுவலில் பல தளங்களை நடத்தும் மல்டிசைட்டுக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். தனித்தனி டொமைன் வைப்பது 4.5 பதிப்பிலிருந்தே சுலபம். என் பயமெல்லாம் டேட்டாபேஸ்தான். பதிவுகளுக்குத் தளத்துக்கொரு டேபிள் இருந்தாலும், பயனர்கள் எல்லோரும் ஒரே டேபிளில்தான் இருப்பார்கள். நாளை அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரித்து, ஒரு தளத்தை மட்டும் தனியே எடுக்கச் சொன்னால் எப்படிப் பிரிப்பது?

வேர்ட்பிரஸ் போலவே தளம் நடத்த உதவும் இன்னொரு மென்பொருளான துருபலில் (Drupal) தளத்துக்கொரு டேட்டாபேஸ் வைக்கலாம். ஆனால் அலுவலகத்தில் எல்லோரும் வேர்ட்பிரஸுக்குப் பழகிவிட்டார்கள். மல்டிசைட்டிலிருந்து தளத்தைப் பிரித்தெடுத்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.