ரூட்டு 61 கிலோமீட்டர்லயே மாட்டிக்குது, எப்படி வெளிய வர்றது?

தண்ணிகேன்_மடிப்பாக்கம்:
எங்க அப்பா தண்ணி கேன் போடறாரு, ஒரே ஒரு டாடா ஏஸ், தினம் 40 கடை. டீசல் மிச்சமாகட்டும்னு பைத்தான்ல ஒண்ணு எழுதினேன், ரெண்டு கடைய இடம் மாத்திப் பாக்கும், தூரம் குறைஞ்சா வச்சுக்கும், இல்லனா பழசுக்கே போயிடும். 61 கிலோமீட்டருக்கு வந்து அப்படியே நிக்குது, எந்த ரெண்ட மாத்தினாலும் தூரம் கூடத்தான் செய்யுது. ஆனா அப்பா நோட்டுல எழுதி வச்சிருக்கற ரூட்டு 57! எல்லா வரிசையும் பாக்கலாம்னா 40 ஃபேக்டோரியல், அதாவது 40×39×38னு 1 வரைக்கும் பெருக்கணும், 48 இலக்கம் வருது.

ராத்திரி_கோடர்:
தூரம் குறையக் குறைய உயரம்னு வச்சுக்கோங்க, பரங்கிமலை மேல ஏறிட்டு இதுதான் உச்சின்னு நின்னுட்டீங்க ப்ரோ, ஏற்காடு போகணும்னா முதல்ல கீழ இறங்கணும். ஜீன்களுக்கு இந்த மேடு பள்ளப் படத்த மரபியல் விஞ்ஞானி ஸீவால் ரைட் 1932லயே போட்டாரு. சிமுலேட்டட் அனீலிங் ட்ரை பண்ணுங்க, தூரம் கூடற மாத்தத்தையும் அப்பப்ப ஒத்துக்கற முறை அது, எவ்வளவு தாராளமா ஒத்துக்கணும்ங்கற நம்பருக்கு டெம்பரேச்சர்னு பேரு. 1 கிலோமீட்டர் கூடினாலும் டெம்பரேச்சர் 2ல நூத்துக்கு 60 தடவ ஒத்துக்கும், 0.2க்கு குறைச்சா ஒரு தடவ கூட கஷ்டம், அதனால மெதுவா குறைங்க, அவசரமா குறைச்சா மறுபடியும் 61தான்.

பழைய_வாத்தியார்:
தம்பி, அனீலிங் நல்லதுதான், ஆனா அதுக்கு முன்னாடி எடுத்து வைக்கற அடிய மாத்துப்பா. மேடு பள்ளம் ஊர்ல இல்ல, எதை பக்கத்து ரூட்டுன்னு வச்சிருக்கியோ அதுல இருக்கு. ரெண்டு கடைய மாத்தினா பொதுவா நாலு இணைப்பு, அதாவது ஒரு கடையிலேர்ந்து அடுத்த கடைக்குப் போற வழி, அறுந்துடும், நடுவுல ஒரு துண்ட அப்படியே தலைகீழா திருப்பினா ரெண்டுதான் அறுபடும், இதுக்கு டூ-ஆப்ட்னு பேரு. உனக்கு இப்ப உச்சியா தெரியறது அதுல வெறும் சரிவா இருக்கலாம். அப்பாவோட நோட்ட பக்கத்துல வச்சுப் பாரு.

தண்ணிகேன்_மடிப்பாக்கம்:
சார் இப்பதான் பாத்தேன், ராம் நகர் பக்கம் 9 கடை எனக்கும் அப்பாக்கும் நேர் தலைகீழா இருக்கு!! அத திருப்ப என் ப்ரோக்ராம் நாலு தடவ மாத்தணும், முதல் தடவையே தூரம் ஏறுதுன்னு விட்டுடுது. டூ-ஆப்ட் போட்டேன், 56.4. ஒரு டவுட், ஒன்வே தெருவெல்லாம் நான் கணக்குலயே எடுக்கல.

பழைய_வாத்தியார்:
சந்தோஷம்பா. ஒன்வே வந்துட்டா திருப்பற துண்டுக்கு உள்ள இருக்கற தூரமெல்லாம் மாறிடும், ரெண்டு இணைப்ப மட்டும் கூட்டிக் கழிச்சா தப்பு விடை வரும். அதுக்கு மூணு கடை வரைக்கும் சேத்து, திருப்பாம அதே வரிசையில தூக்கி வேற இடத்துல செருகிப் பாரு. போக ஒரு தூரம் வர ஒரு தூரம்னு டேபிள முதல்ல சரி பண்ணிடு, எந்தத் தெருவுல வண்டி நுழையாதுன்னு அப்பாகிட்டயே கேளு.