மின்னூல் உரிமையை எழுத்தாளரிடமே விட்டுவிடலாமா?

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை, பதிப்பாளர்):
வணக்கம். என் தந்தை தொடங்கிய சிறு பதிப்பகத்தை நான் நடத்தி வருகிறேன். அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணையை நம்பி ஒரு காலத்தில் 1,200 பிரதிகள் அச்சிட்ட நாங்கள், இப்போது 300 அச்சிடவே தயங்குகிறோம். 12 ஆண்டுகளாக எங்களிடம் எழுதிவரும் ஒருவர், அடுத்த நாவலை அச்சுக்கு மட்டும் தருவதாகவும், அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தாமே வெளியிடப்போவதாகவும் சொல்கிறார். கேட்டதிலிருந்து மனம் சரியில்லை. அவருடைய பழைய நூல்களின் மின்னுரிமையாவது எங்களுக்கு உண்டா?

பதில் 1 (பெரம்பூர், எழுதுபவர்):
அவர் கேட்பதில் துரோகம் ஏதுமில்லை. அச்சு நூலுக்குப் பெரும்பாலும் 10 விழுக்காடுதான் ராயல்டி. அதையும் பலமுறை கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. 2016 இறுதியில் கிண்டிலுக்குத் தமிழ் வந்த பிறகு, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு எழுத்தாளருக்கு 70 விழுக்காடு வரை கிடைக்கிறது. விற்பனைக் கணக்கையும் அவரே பார்த்துக்கொள்ளலாம். என் பதிப்பாளர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கணக்குக் காட்டியிருந்தால் நான் தனியே போயிருக்க மாட்டேன்.

பதில் 2 (ராயபுரம், வழக்கறிஞர்):
பழைய ஒப்பந்தங்களை எடுத்துப் பாருங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, எத்தனை ஆண்டுகளுக்கு என்று எழுதாவிட்டால் உரிமை 5 ஆண்டுகளுக்கே செல்லும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி, அது காலாவதியாகிவிடும். ஒப்பந்தம் போட்ட நாளில் புழக்கத்திலேயே இல்லாத ஊடகம் என்றால், அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டுத் திருத்தம். 'சகல உரிமைகளும்' என்ற ஒற்றை வரியை நம்பியிருக்க வேண்டாம்.

பதில் 3 (கொண்டித்தோப்பு, பைண்டிங்):
பாரம் என்று நாங்கள் சொல்லும், 16 பக்கங்கள் அச்சான பெரிய தாள்களை மடித்து, வரிசையாக அடுக்கி, நூல் கோத்துத் தைக்க எங்கள் பட்டறையில் எட்டுப் பேர் இருந்தார்கள், இப்போது இருவர். ஆனாலும் கிண்டில்தான் வேலையைப் பறித்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சென்ற தை மாதம் நாங்கள் தைத்துக் கொடுத்த புத்தகம், மறுவாரமே பிடிஎஃப் ஆக டெலிகிராமில் வந்துவிட்டது. நடுமடிப்பில் எங்கள் தையல் நூல்கூட அதில் தெளிவாகத் தெரிந்தது. முறையான மின்னூல் குறைந்த விலையில் அன்றே கிடைத்திருந்தால், அதைத் தேடியவர்களில் சிலராவது காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள்.

கேள்வி கேட்டவர்:
நேற்றிரவு அப்பாவின் அலமாரியைத் திறந்து பார்த்தேன். இருந்த 41 ஒப்பந்தங்களில் ஒன்றில்கூட மின்னூல் என்ற சொல் இல்லை. பலவற்றில் கால வரையறையும் இல்லை. அச்சுரிமை 5 ஆண்டுகளுக்கு எங்களிடம் இருக்கட்டும், அரையாண்டுக்கு ஒருமுறை கணக்கு அனுப்புகிறோம், மின்னூல் அவருடையதே என்று எழுதித் தரப்போகிறேன். இரண்டும் ஒரே நாளில் வெளிவர வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்வேன்.