கணக்கறையில் ஒரே ஒரு கரித்துண்டு

‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ எனக்கு முதலில் அறிமுகமானது பள்ளியில், ஆங்கிலத் துணைப்பாட நூலின் சுருக்கப் பதிப்பாக. கஞ்சன் ஒருவன், அவனைத் தேடிவரும் ஆவிகள், விடிந்ததும் திருந்திவிடுகிறான். தேர்வுக்கு அவ்வளவு போதுமானதாக இருந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய முழு நூல் என் கைக்கு வந்தபோது, நான் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பதினைந்து ஆண்டுகளைக் கழித்திருந்தேன். பேய்க்கதை என்று எண்ணிப் பிரித்தவன், முதல் சில பக்கங்களிலேயே என்னைப் போன்ற ஒரு குமாஸ்தாவைக் கண்டுகொண்டேன்.

பாப் கிராச்சிட், லண்டனில் அந்தக் கஞ்சன் ஸ்க்ரூஜின் கணக்கறையை ஒட்டிய சிற்றறையில் அமர்ந்து கடிதங்களைப் படியெடுப்பவர். அவருடைய கணப்பில் எரிவது ஒரே ஒரு கரித்துண்டு போலத் தெரியும். கரிப்பெட்டியை முதலாளி தம் அறையிலேயே வைத்திருந்ததால், கூடுதல் கரி கேட்டு உள்ளே போனால் வேலையே போய்விடும் என்ற நிலை. ஆகவே அவர் கம்பளித் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, மெழுகுவர்த்திச் சுடரில் குளிர்காய முயல்கிறார். நான் வேலை பார்த்த இடத்தில், மை தீர்ந்த பேனாவைக் காட்டினால்தான் புதிய பேனா கிடைக்கும். அந்த அலமாரியின் சாவி மேலாளரின் இடுப்பிலேயே தொங்கும். அன்றிலிருந்து இதை ஆவிகளின் கதையாக என்னால் படிக்க முடியவில்லை. பாப்பின் வாரச் சம்பளம் பதினைந்து ஷில்லிங் என்று டிக்கன்ஸ் கணக்காகச் சொல்கிறார். செத்துப்போன கூட்டாளி மார்லி இழுத்துவரும் சங்கிலியில்கூடப் பணப்பெட்டிகளும் சாவிகளும் பூட்டுகளும் பேரேடுகளும்தாம் கோக்கப்பட்டிருக்கின்றன. 1824இல் தந்தை கடனுக்காக மார்ஷல்சி சிறையில் அடைபட்டிருந்தபோது, பன்னிரண்டு வயதில் வாரம் ஆறு ஷில்லிங்குக்குக் காலணி மைப் புட்டிகளில் சீட்டு ஒட்டிய டிக்கன்ஸுக்குச் சில்லறையின் எடை நன்றாகவே தெரிந்திருந்தது.

துணைப்பாடத்தில் வெட்டப்பட்டிருந்த ஒரு காட்சியையும் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆவியின் அங்கிக்குள்ளிருந்து எலும்பும் தோலுமான ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் வெளிப்படுகிறார்கள்; அவன் பெயர் அறியாமை, அவள் பெயர் இல்லாமை. இவர்களுக்குப் புகலிடமே இல்லையா என்று ஸ்க்ரூஜ் பதறும்போது, ஏழைகளுக்காக நன்கொடை கேட்டு வந்தவர்களிடம் அவரே வீசிய ‘சிறைச்சாலைகள் இல்லையா?’ என்ற சொற்களை ஆவி அவரிடமே திருப்பிக் கேட்கிறது. சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்த சிறுவர்களைப் பற்றிய அரசு அறிக்கையைப் படித்துக் கொதித்துப்போன டிக்கன்ஸ், முதலில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதத்தான் எண்ணியிருந்தார். நல்லவேளையாக அதைக் கைவிட்டார். அந்தப் பிரசுரத்தை இன்று யார் தேடிப் படிக்கப்போகிறோம்?

* * *

மேலே எழுதியவர் கணக்கறையிலேயே நின்றுவிட்டார். எனக்கு அந்தக் கதை கிராச்சிட் வீட்டுச் சமையற்கட்டு. ஆண்டுதோறும் டிசம்பரில் என் மகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். புட்டிங்கை எடுத்துவரத் திருமதி கிராச்சிட் தனியாகவே போகிறார். அது வேகாமல் போயிருந்தால், உடைந்துவிட்டால், சுவரேறிக் குதித்து எவனாவது திருடியிருந்தால் என்று அந்த வீடே பதறுகிறது. பிறகு நீராவி, துணி வெளுக்கும் நாளின் வாடை. இவ்வளவு பெரிய குடும்பத்துக்கு இந்தப் புட்டிங் சிறியது என்று ஒருவரும் சொல்லவில்லை, நினைக்கவுமில்லை என்ற இடம் வந்ததும் என் குரல் கம்மிவிடும். மகள் அதற்காகவே காத்திருந்து என் முகத்தைப் பார்ப்பாள்.

இது காதால் கேட்க வேண்டிய கதை என்பது என் துணிபு. 1853 டிசம்பரில் பர்மிங்ஹாம் நகர மண்டபத்தில் டிக்கன்ஸே இதை மேடையில் படித்தார். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், 1870 மார்ச்சில் லண்டனில் நடந்த கடைசி வாசிப்பிலும் இதுவே இடம்பெற்றது. பாப்பின் நோயாளி மகன் டைனி டிம் சாகவில்லை என்று சொல்லும் சிறு தொடர் கையெழுத்துப் படியில் இல்லை, அச்சாகும் வேளையில் சேர்க்கப்பட்டது என்று அறிந்த நாளிலிருந்து அந்த வரியைச் சற்று உரக்கவே படிக்கிறேன்.

* * *

கணக்கு என்று பேச்சு வந்ததால் நானும் ஒன்று சேர்க்கிறேன். நூல் 1843 டிசம்பர் 19 அன்று வெளிவந்தது. விலை ஐந்து ஷில்லிங், அதாவது பாப் கிராச்சிட்டின் வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. கிறிஸ்துமஸுக்கு முன்பே 6,000 படிகள் விற்றுத் தீர்ந்தபோதிலும், வண்ணப்படங்களுக்கும் நூற்கட்டுக்கும் தாராளமாகச் செலவிட்டிருந்ததால், ஆயிரம் பவுண்டை எதிர்பார்த்த டிக்கன்ஸுக்கு முதற்பதிப்பில் கிடைத்தது ஏறத்தாழ 230 பவுண்டு. அடுத்த மாதமே கள்ளப் பதிப்பு வந்தது. வழக்குத் தொடுத்து வென்றார். எதிர்த்தரப்பு திவாலாகிவிட, வழக்குச் செலவும் அவர் தலையிலேயே விழுந்தது.

அதே ஆள்தான், திருந்திய ஸ்க்ரூஜின் வாயால் பாப்பிடம் இன்னொரு எழுத்துக்குப் புள்ளி வைக்கும் முன் நெருப்பை மூட்டச் சொல்கிறார், கூடவே ஒரு புதிய கரிவாளியும் வாங்கிவரச் சொல்கிறார்.