தனுஷ்கோடிக் கரையோரமாக நடக்க யோசனை சொல்லுங்கள்

வணக்கம். மூன்று வருடமாகக் காலையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே ஓடினேன். கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்பதைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. போன மாதம் அரியமான் கடற்கரையில் கணுக்கால் பிசகியது. வேறு வழியில்லாமல் மெதுவாக நடந்தபோதுதான், ஒரு நண்டு தன் வளையைச் சுற்றி மிளகு அளவு மணல் உருண்டைகளைப் பரப்பி வைத்திருப்பதைப் பார்த்தேன். அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கடிகாரம் இப்போது மேசை டிராயரில் தூங்குகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை, தார்ச்சாலையை விட்டுக் கரையோரமாகவே நடக்க ஆசை. 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தையும் நின்று பார்க்க வேண்டும். பெண்கடல் என்று நம் ஊரில் சொல்லும் பாக் நீரிணைப் பக்கம் நடக்கலாமா, ஆண்கடல் என்னும் மன்னார் வளைகுடாப் பக்கமா? எந்தப் பக்கம் மணல் கால் புதையாமல் இறுக்கமாக இருக்கும்? சகதியில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டா? குடிதண்ணீர் வழியில் கிடைக்குமா, முழுக்கச் சுமக்க வேண்டுமா? பூநாரைகளைப் பார்க்க எந்த மாதம் தோது? நடந்தவர்கள், அப்புறம் அந்தப் பக்கம் தொழில் பார்க்கும் மீனவ அண்ணன்கள் சொன்னால் நல்லது. எத்தனை மணி நேரத்தில் முடிப்பாய் என்று மட்டும் கேட்காதீர்கள், கால் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை.