பினாங்கில் பெட்டிச் சக்கரம் மாற்றித் தருபவர் யாராவது உண்டா?

வணக்கம். ஜார்ஜ்டவுன் அல்லது பட்டர்வொர்த் பக்கம் பயணப் பெட்டிக்குச் சக்கரம் மாற்றும் ஆள் தெரிந்தால் சொல்லுங்கள்.

28 அங்குல பாலிகார்பனேட் பெட்டி. ஓடு, ஜிப், இழுபிடி எல்லாம் நன்றாக இருக்கின்றன. சக்கரத்தின் மேல்பூச்சு மட்டும் தொட்டாலே பிஸ்கட் தூளாக உதிர்கிறது. பார்க்க ரப்பர்தான், ஆனால் அது பாலியூரித்தேன் என்ற ஒருவகை பிளாஸ்டிக். நம் ஊர் ஈரப்பதத்தில் அலமாரி மேல் சும்மா கிடந்தாலும் இற்றுப்போகும். பசை போட்டு ஒட்டுவது வீண் வேலை.

இரட்டைச் சக்கரம், நான்கு மூலையிலும். விட்டம் 50 மி.மீ., அகலம் 12, அச்சு 6. அச்சில் ரிவெட் அடித்திருப்பதால் ரம்பத்தால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். சக்கரம் பொருந்தியிருக்கும் கூட்டோடு சேர்த்து மாற்றலாம் என்கிறார்கள் சிலர். திருகுத் துளை பொருந்தாவிட்டால் ஓட்டில் புதுத் துளை போட வேண்டிவரும், அது வேண்டாம். விட்டம் கூடினால் கூட்டில் உரசும். எட்டையும் சேர்த்தே மாற்றணும், இல்லையென்றால் பெட்டி ஒரு பக்கம் இழுக்கும்.

80 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடியுமா? சிலிக்கோன் சக்கரம் போட்டவர்கள், டைல்ஸ் தரையிலும் கடைவரிசை முன்னுள்ள ஐந்தடி நடைபாதையிலும் எப்படி ஓடுகிறது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.